ஏழாவது வளைவில் நின்றுபோகும் அம்பாசிடர்

எங்கள் வீட்டில் இருப்பது 1972ஆம் ஆண்டு அம்பாசிடர், மார்க் 2. ஓட்டுவது என் கணவர், பானெட்டைத் திறப்பது நான். முப்பத்தோரு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். இரண்டு ரூபாய் வித்தியாசம் எங்கே நுழைந்தது என்று பேரேட்டில் பின்னோக்கிப் போவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. பழைய எஞ்சினிலும் அதைத்தான் செய்கிறேன்.

மூன்று கோடைக்கு முன் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது வண்டி நின்றது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவது. வழியில் போன எல்லோரும் ஒரே குரலில் "ஏர் லாக்" என்றார்கள், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்கிறதாம். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி அரை மணி நேரம் காத்திருந்தோம். ஸ்டார்ட் ஆனது. துணிக்குத்தான் பெருமை போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரமும் அதே வளைவு, அதே துணி. பிறகு ஒரு பட்டறையில் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டி நாலாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் முறை ஆறாவது வளைவிலேயே நின்றது.

அந்த அரை மணி நேரத்தில் பம்ப் மட்டுமா குளிர்ந்தது? தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் குளிர்ந்தது, அதற்குத் துணையான கண்டென்சர் குளிர்ந்தது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் குளிர்ந்தது. ஆகவே காத்திருந்தால் சரியாகிவிடுகிறது என்பது எதையும் நிரூபிக்காது. சூட்டில் நிற்கும் வண்டியைச் சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும்.

நின்றவுடன் செய்ய வேண்டியது இது. பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் இருக்கும் தடித்த வயரைக் கழற்றுங்கள். பழைய மெக்கானிக்குகளிடம் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் புரியாது, டெல்கோ என்று கேளுங்கள். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் அந்த வயரைப் பிடித்து, அதன் முனை எஞ்சின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்படி வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டர் சுற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால் இதைச் செய்யவே கூடாது. தீப்பொறி நீலமாக, படீர் என்ற சத்தத்தோடு தாவினால் மின்பக்கம் நலம். மஞ்சளாக, மெலிந்து, சோம்பலாக வந்தால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். எங்களுக்கு வந்தது மஞ்சள்.

மஞ்சள் பொறி என்றால் முதலில் பாயிண்ட்டைப் பாருங்கள், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின்தொடர்பு அது. இரண்டு முகங்களும் சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் சரி. ஒன்றில் குழியும் மற்றதில் மேடும் இருந்தாலோ, கருகியிருந்தாலோ கண்டென்சர் மேல் சந்தேகப்படலாம். விரலளவுகூட இல்லாத அந்தத் தகர உருளை குளிரில் ஒழுங்காக வேலை செய்யும், சூடேறினால் மின்சாரத்தைக் கசியவிடும். கழற்றி மீட்டரில் பார்த்தால் நல்லபிள்ளையாக நடிக்கும், ஏனென்றால் அதற்குள் ஆறியிருக்கும். மாற்றிப் பார்ப்பதுதான் வழி. பழையதன் வயரைப் பிரித்துவிட்டு, நல்ல கண்டென்சர் ஒன்றின் வயரைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயரின் முனையில் கிளிப் போட்டு மாட்டுங்கள். அதன் உடல் எஞ்சின் இரும்பில் நன்றாகப் படிய வேண்டும். சாலையோரத்தில் ஐந்து நிமிட வேலை. எங்கள் வண்டி அப்படியே இருபது வளைவும் ஏறியது. என் கணவர் ஈரத்துணியை டிக்கியில் எறிந்தார், கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

கண்டென்சரை மாற்றும்போது பாயிண்ட்டையும் மாற்றிவிடுங்கள். இடைவெளி 0.015 அங்குலம். ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றி, கேமின் மேட்டில் பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் பீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, நுழைத்துப் பாருங்கள். பிளக்குக்கு 0.025 அங்குலம். பாயிண்ட்டைத் தொட்டால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், நகரும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதைச் சரிபார்க்க 12 வோல்ட் பல்பு ஒன்று போதும். ஒரு முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் அந்த மெல்லிய வயரில், மறுமுனை இரும்பில். சாவியைப் போட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். கையேடு சொல்லும் குறியில் அது எரியும்படி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி முடுக்குங்கள்.

பொறி நீலமாக இருந்தும் வண்டி கிளம்பவில்லையா? அப்போதுதான் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். காயில் வயரைப் பிரித்து வைத்துவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விட்டுவிட்டு ஆனால் வலுவாகப் பீய்ச்சினால் பம்ப் நலம். நுரையும் குமிழுமாக வந்தால் ஊர் சொன்ன ஏர் லாக் உண்மை என்று ஒப்புக்கொள்ளலாம். இந்த 1489 சிசி எஞ்சினில் கார்புரேட்டர் உட்கார்ந்திருப்பதே சைலன்சர் குழாய் கிளம்பும் பக்கம். இடையிலுள்ள சூட்டுத் தடுப்புத் தகடு விழுந்துபோயிருந்தால் பெட்ரோல் கொதிக்கத்தான் செய்யும். தகட்டைத் திரும்பப் போடுங்கள், குழாயைச் சூட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் டயாஃபிரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் காலத்து ரப்பர் செய்யப்படவில்லை. எங்கள் குழாய் ஒன்று உள்ளே கொழகொழவென்று உரிந்து வந்தது.

இந்த வண்டியிலுள்ள எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. மேலே இருக்கும் சின்ன மூடியைத் திருகி எடுத்து எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். அது வற்றினால் ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் வண்டி ஒரு விக்கல் எடுக்கும். கலவையைப் பார்க்க, எஞ்சின் சூடாக ஓடும்போது கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் சட்டென்று கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு நொடி கூடி இறங்கினால் அதைத் தொட வேண்டாம்.

மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு வேலை செய்தால், பிளக் நான்கையும் கழற்றி, எண் எழுதிய முட்டை அட்டையில் வரிசை மாறாமல் வையுங்கள். இளம் பழுப்பு நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமும் பிசுபிசுப்புமாக இருந்தால் ஆயில் ஏறுகிறது. வெளுத்திருந்தால் கலவை மெலிந்து சூடாகிறது.

டேப்பட்டுக்கும், அதாவது வால்வை அமுக்கும் பாகத்துக்கும் வால்வுக்கும் இடையே, 0.015 அங்குலம்தான், எஞ்சின் ஆறியபின். எட்டு வால்வுகளுக்கு முன்னிருந்து எண் கொடுங்கள். கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டாவது வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஆறாவது அமுங்கினால் மூன்றாவதை. கணக்குக்காரிக்கு இதைவிட இன்பமான சூத்திரம் கிடையாது.

கடைசியாகக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயில் வயரைப் பிரித்து, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒத்துப்போகின்றனவா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து தாழ்ந்தால் கேஸ்கெட் அவற்றுக்கிடையே ஊதிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, விளைவு நான்கையும் எழுதிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். அந்தப் பட்டறையில் ஒரே மதியத்தில் ஆறு சாமான்களை மாற்றினார்கள். எது குற்றவாளி என்று அவர்களுக்கே தெரியாது.

என் நோட்டில் இப்போது ஒரு வரி பாக்கி இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து கியரில் இறங்கி, அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் பின்னால் நீலப்புகை ஒரு கொத்தாக வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. கம்ப்ரஷன் 124, 120, 122, 119. நான்கும் ஒத்துப்போகின்றன, ஆகவே ரிங் காரணமில்லை. வால்வின் தண்டைப் பிடித்திருக்கும் வால்வு கைடு வழியாக ஆயில் இறங்குகிறது. ஹெட்டைக் கழற்ற வேண்டும். தீபாவளிக்குப் பிறகு என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன். எந்தத் தீபாவளி என்று அவர் கேட்கவில்லை.