பெரிய மாட்டுப் பந்தயம்: எந்த ஜோடி ஜெயிக்கும்?
காரைக்குடிப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்துல பெரிய மாட்டுப் பிரிவுக்குப் பெரும்பாலும் போக வர 8 மைல் வைப்பாங்க. அதனால் முதல் மைலில் பறக்கிற ஜோடியைப் பார்த்து மயங்காதீங்க.

விடியக்காலையிலேயே மாடு கட்டியிருக்கிற இடத்துக்குப் போயிடுங்க. தீனி எடுக்குதா, அசை போடுதா, லாடம் இறுகியிருக்கா? நடக்கவிட்டால் ரெண்டும் ஒரே எட்டு வைக்கணும். ஒண்ணு இழுத்து மற்றது பின்தங்கினா நுகத்தடி சாய்ஞ்சே வரும்.

போன வருஷம் நான் மெச்சின ஜோடி, வண்டி திரும்ப வேண்டிய கொடிகிட்ட அகலமா வட்டமடிச்சு மூணாவதாப் போச்சு. உள்பக்க மாடு காலை ஊன்றிச் சுழலப் பழகலை. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. இப்பல்லாம் திருப்பத்தைத்தான் முதலில் விசாரிக்கிறேன்.

அப்புறம் சாரதி. குச்சியைத் தொடாமல் குரலாலேயே ஓட்டுறவருக்குத்தான் என் முதலிடம்.