பிரஷர், சுகர் முகாம்: வட்டார சுகாதார அறக்கட்டளைகளுக்கு ஒரு செயல்முறை

பந்தல் போட்டு, பேனர் கட்டி, ஒரே நாளில் முந்நூறு பேருக்கு பிரஷர் பார்த்து அனுப்பிவிடலாம். அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் (தொற்றா நோய்களுக்கான கணக்கெடுப்பு) ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. எனவே பட்ஜெட்டில் பாதியை முகாமுக்குப் பிந்தைய ஆறு மாதங்களுக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பணத்தில் முகாமைத் திட்டமிடுங்கள்.

பட்டியல், இடம், நேரம்

30 வயது நிரம்பிய எல்லோரையும் தெருவாரியாக எழுதுங்கள். ஆயிரம் பேர் வாழும் ஊரில் அது பாதிக்கு மேல் வரும். கிராம சுகாதார செவிலியரையும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலரையும் கலந்துகொண்டு தொடங்கி, பிறகு வீடு வீடாகச் சரிபார்க்க வேண்டும். வாக்காளர் பட்டியலை மட்டும் நம்பினால் செங்கல் சூளையில் தங்கியிருக்கும் வெளிமாநிலக் குடும்பங்கள் ஒரேயடியாக விடுபடும்.

கோயில் மண்டபம் வேண்டாம். வாடகை இல்லை, நிழல் இருக்கிறது என்று அதைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆனால் காலனி மக்கள் பலர் அங்கே வரத் தயங்குவார்கள், ஏன் வரவில்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். பள்ளிக்கூடம் பரவாயில்லை. முகாமைக் காலனியிலேயே வைத்து மற்ற தெருக்காரர்களை அங்கே அழைப்பது இன்னும் நல்லது.

காலை பத்து மணிக்குத் தொடங்கினால் வீட்டில் இருக்கும் முதியவர்கள் மட்டும் வருவார்கள். நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் கிடைக்க வேண்டுமானால் காலை ஆறிலிருந்து எட்டரை வரை, அல்லது மாலை ஆறுக்கு மேல் வையுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் மறுநாள் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

அளக்கும்போது

பிரஷர் தப்பாக வருவதற்குப் பெரும்பாலும் கருவி காரணமில்லை, அவசரம்தான். அரை மணி நேரத்துக்குள் டீ, காபி, பீடி, வெற்றிலைப் புகையிலை எதுவும் எடுத்திருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். அளக்கும்போது பேச்சு கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரியை எழுதுங்கள். பருத்த கையில் சின்னக் கஃப் (கையில் சுற்றும் பட்டை) சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே மூன்று அளவுக் கஃப்கள் இருக்க வேண்டும். காத்திருக்க நாற்காலிகளைத் தனியாகப் போட்டால், ஒரு மேசையில் மணிக்குப் பன்னிரண்டு பேரைப் பார்க்கலாம். அதைவிட வேகமாகப் போனால் ஏதோ ஒரு படியை விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சுகருக்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். பழம் உரித்த விரலில் ஒட்டிய இனிப்பே அளவை ஏற்றிவிடும். கடும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் குளுக்கோமீட்டர் கூட்டிக் காட்டக்கூடும். ரத்தத்தைத் தொட்டுப் பார்க்கும் ஸ்ட்ரிப் இருக்கும் டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள், எடுத்ததும் மூடிவிடுங்கள். நூறு பேருக்கு 115 ஸ்ட்ரிப்பும் அதே எண்ணிக்கையில் லான்செட்டும் (விரலில் குத்தும் ஊசி) வாங்கினால் போதும். ஆளுக்கொரு புது லான்செட். குத்திய லான்செட் ஊசி துளைக்காத டப்பாவில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். இவற்றை எங்கே ஒப்படைப்பது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

140/90 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னொரு நாள் மறுபடி அளந்துதான் உறுதி செய்ய வேண்டும். சாப்பாட்டு நேரம் பார்க்காமல் எடுத்த சுகர் 140-ஐத் தாண்டினால் வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். பிரஷர் 180/120-ஐத் தொட்டு, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், ஒரு பக்கம் செயலிழப்பு என இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. முடிவை உரக்கப் படிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும் என்று தெரிந்தால் பலர் அடுத்த முறை வரமாட்டார்கள்.

முகாமுக்குப் பிறகு

பத்து நாள் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். தீர்ந்ததும் "குணமாகிவிட்டது" என்று நிறுத்திவிடுவார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவச மாத்திரை தொடர்ந்து கிடைக்கும். அங்கே பதிவு செய்துவிடுவதுதான் உங்கள் வேலை. முதல் முறை போய்வரும் பேருந்துச் செலவை, தேவைப்பட்டால் அன்றைய கூலியையும், அறக்கட்டளை கொடுக்கட்டும். வெளிமாநிலத் தொழிலாளர்களோடு அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும்.

போன் நம்பர் வாங்கும்போது அது யாருடையது, எப்போது கூப்பிடலாம் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள் பலர் கொடுப்பது கணவர் அல்லது மகனின் நம்பர். அவர் வேலைக்குப் போயிருக்கும்போது கூப்பிட்டால் செய்தி போய்ச் சேராது. ஏழாம் நாள் ஒரு அழைப்பு, போகாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் வீட்டுச் சந்திப்பு, பிறகு மாதம் ஒருமுறை பிரஷர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பதிவேட்டில் தெருவாரியாக நான்கு எண்கள் போதும்: பட்டியலில் இருந்தவர்கள், அளக்கப்பட்டவர்கள், சிகிச்சையில் சேர்ந்தவர்கள், மூன்றாம் மாதம் 140/90-க்குக் கீழே வந்தவர்கள். ஊர் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். தெருத் தெருவாகப் பிரித்தால்தான் எது பின்தங்கியிருக்கிறது என்று புரியும். அடுத்த முகாம் அந்தத் தெருவிலேயே நடக்கட்டும்.