கிரகண நிலா கலங்காமல் விழ
2025 செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணத்தைப் படமெடுக்க, ஏற்காட்டில் மொட்டை மாடியிலிருந்து பிறை நிலாவை வைத்து ஒத்திகை பார்த்தேன். பிறையின் இருண்ட பக்கத்தில் படரும் பூமியொளி (பூமியில் பட்டு நிலாவுக்குப் போகும் சூரிய ஒளி), கிரகணச் சிவப்பு மாதிரியே மங்கலானது. 400 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 800, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 4 நொடி. எல்லாப் படமும் கலங்கல்.

மலைக்காற்றோ என்று முக்காலியில் கல் மூட்டை தொங்கவிட்டேன், ரிமோட் மாட்டினேன், ஃபோகஸைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். நாட்கள்தான் போயின.

அப்புறம் படத்தைப் பெரிதாக்கியபோது கண்ணில் பட்டது: நிலா இறங்கும் திசையில் மட்டுமே இழுவை. பக்கத்து நட்சத்திரமும் அதே திசையில் குட்டிக் கோடு. ஃபோகஸ் விலகினால் எல்லாப் பக்கமும் மங்கியிருக்கும். வானில் நிலா சுமார் 2 நிமிடத்தில் தன் அகலம் அளவு நகர்கிறது. 4 நொடியில் அதில் முப்பதில் ஒரு பங்கு.

அரை நொடி, ஐஎஸ்ஓ 6400 வைத்தேன். படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது, பரவாயில்லை. கிரகணத்தன்று இரவு 11.41 மணி உச்சத்தில் விளிம்பு வரை தெளிவாக விழுந்தது. அப்பாடா!