தடுத்தது இலையா, பாட்டிலா?

"மேடம், நூறு சதவீதம் தடுத்துடுச்சு!" என்று மாணவர்கள் ஓடிவந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். புரதத்தை வெட்டும் டிரிப்சின் போன்ற நொதிகளை (புரோட்டியேஸ்) முடக்கும் தடுப்பான் புரதங்களை, காயப்பட்ட செடியின் இலையிலிருந்து பிரித்தெடுக்கும் வேலையைத்தான் சொல்கிறேன். காரணம் உண்டு. ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நானும் அப்படித்தான் ஓடினேன். காயப்படாத செடியின் சாறும் அதே நூறைக் காட்டியபோதுதான் விழித்தேன். மற்றப் புரதங்களுக்குச் செய்யும் பழக்கத்தில், இலையை அரைக்கும் பஃபரில் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) கடையில் வாங்கிய புரோட்டியேஸ் தடுப்பான் காக்டெயிலை, அதாவது கலவையை, ஊற்றியிருந்தேன். டிரிப்சினைத் தடுத்தது இலையல்ல, பாட்டில். இரண்டு வார உழைப்பு வாஷ்பேசினில் போனது.

ஆகவே முதல் விதி: இந்த வேலைக்கு பிஎம்எஸ்எஃப் (புரோட்டியேஸைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருள்), காக்டெயில் எதுவும் பஃபர் பக்கம் வரக்கூடாது.

தக்காளி இலையில் தொடங்குவது நல்லது. இலையை வண்டு கடித்தால், கடிபடாத இலைகளிலும் தடுப்பான் சேர்கிறது என்று 1972இல் கிரீனும் ரயனும் காட்டினார்கள். அதாவது, வேண்டும்போது நாமே வரவழைத்துக்கொள்ளலாம். இளஞ்செடியின் கீழ் இலையை நடுநரம்புக்குக் குறுக்கே இடுக்கியால் இரண்டு இடத்தில் நசுக்குங்கள். நல்ல வெளிச்சத்தில் ஒரு நாள் விட்டு, மேல் இலைகளையும் சேர்த்துப் பறியுங்கள். காயப்படுத்தாத ஒப்பீட்டுச் செடிகளை வேறு அறையில் வையுங்கள். மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற செடிச் சமிக்ஞைப் பொருளின் ஆவி பட்டாலே தக்காளி இலை தடுப்பானைச் செய்யத் தொடங்கிவிடும் என்பது 1990இலேயே தெரிந்த சங்கதி.

10 கிராம் இலைக்கு 30 மில்லி குளிர்ந்த பாஸ்பேட் பஃபர் (0.1 மோலார், பிஹெச் 7), அதில் 1 சதவீதம் பிவிபி (இலையின் ஃபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பாலிமர்). பனிக்கட்டி மேல் வைத்த கல்வத்தில் அரையுங்கள். பிவிபியை விட்டுவிட்டால் சாறு டீத்தண்ணி நிறத்துக்கு மாறும். அந்த ஃபீனால்கள் டிரிப்சினோடு ஒட்டிக்கொண்டு பொய்த் தடுப்பைக் காட்டும். துணியில் வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, தெளிந்த நீரை எடுங்கள்.

அப்புறம் 70 டிகிரியில் 10 நிமிடம். ரூபிஸ்கோ (இலையில் மிகுதியாக உள்ள ஒளிச்சேர்க்கை நொதி) உட்பட இலைப் புரதங்களில் பெரும்பகுதி திரிந்து படியும். தக்காளித் தடுப்பான் சூட்டைத் தாங்கும். மீண்டும் சுற்றிவிட்டு, தடுப்பான் படிய, அமோனியம் சல்பேட்டை 80 சதவீதப் பூரிதம் வரை சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள். படிவைக் கொஞ்சம் பஃபரில் கரைத்து டயாலிசிஸ் (நுண்துளைப் பையில் வைத்து உப்பை வெளியேற்றுவது) செய்ய வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தக்காளியின் இரண்டு தடுப்பான்களில் முதலாவதன் (இன்ஹிபிட்டர் I) ஒரு துணையலகு சுமார் 8 கிலோடால்டன் எடைதான். அலமாரியில் வழக்கமாகக் கிடக்கும் 12–14 கிலோடால்டன் பையில் (அதைவிடச் சிறியவற்றை வெளியே விடும் பை) போட்டால் சரக்கு தண்ணீரோடு போய்விடலாம். 3.5 பையைத் தேடி எடுங்கள்.

சோதனைக்கு பாப்னா, டிரிப்சின் வெட்டினால் மஞ்சள் நிறம் தரும் வேதிப்பொருள். 43.5 மில்லிகிராமை 1 மில்லி டிஎம்எஸ்ஓவில் கரைத்து, கால்சியம் குளோரைடு சேர்த்த டிரிஸ் பஃபரில் (பிஹெச் 8) 100 மில்லி ஆக்கினால் 1 மில்லிமோலார். டிரிப்சினை 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துப் பனியில் வையுங்கள். பிஹெச் 8இல் விட்டால் தன்னையே தின்னும். சாறும் டிரிப்சினும் 37 டிகிரியில் 10 நிமிடம் சேர்ந்திருக்கட்டும். பிறகு பாப்னா, இன்னொரு 10 நிமிடம், 30 சதவீத அசிட்டிக் அமிலம் விட்டு நிறுத்தி, 410 நானோமீட்டரில் மஞ்சளை அளவிடுங்கள். சாறே லேசாக மஞ்சள் என்பதால், ஒவ்வொரு அளவுக்கும் அமிலம் முதலில் விட்ட பிளாங்க் ஒன்று வேண்டும்.

நூறு வந்தால் கொண்டாடாதீர்கள், நீர்க்க வையுங்கள். 20 சதவீதத் தடுப்புக்கும் 60 சதவீதத் தடுப்புக்கும் இடையே, அளவுக்கேற்ப நேர்கோட்டில் ஏறும் புள்ளிகளை வைத்துத்தான் கணக்குப் போட முடியும்.

குணம் பார்க்க, டைசல்பைடு பிணைப்பை உடைக்கும் டிடிடியோடு ஊறவைத்துப் பாருங்கள். டைசல்பைடு பிணைப்பை நம்பியிருக்கும் தடுப்பான் என்றால் தடுக்கும் திறன் குறையும். புரதத்தை வெட்டும் இன்னொரு நொதியான கைமோடிரிப்சினிலும் ஒரு முறை ஓட்டுங்கள். முதல் தடுப்பானுக்கு அதுதான் முக்கிய இரை, இரண்டாவது தடுப்பான் இரண்டு நொதிகளையும் பிடிக்கும். ஜெலட்டின் கலந்த ஜெல்லில் ஓட்டி, எஸ்டிஎஸ்ஸை (ஜெல்லில் சேர்க்கும் சோப்பு போன்ற பொருள்) கழுவி, டிரிப்சினில் ஊறவிட்டுச் சாயமேற்றினால் எல்லாம் வெளுத்து, தடுப்பான் இருந்த இடம் மட்டும் நீலக் கோடாக நிற்கும். எனக்குப் பிடித்த காட்சி அது.

சரி, கிடைத்ததைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20இல் வையுங்கள். லேபிளில் தேதி, செடி, கூடவே "காக்டெயில் சேர்க்கவில்லை" என்றும் எழுதுங்கள். நான் இன்னும் எழுதுகிறேன்.