ஜப்பானில் தரை ஆடினால்: ஒரு கூடல்நகர்க்காரனின் குறிப்பு

எங்கள் வீடு மதுரை கூடல்நகரில், தண்டவாளத்தை ஒட்டி. கூட்ஸ் வண்டி போனால் அடுப்படிப் பலகையில் தூக்குச்சட்டிகள் கிணுகிணுக்கும். அந்தப் பழக்கத்தில், டோக்கியோ நிஷி கசாயில் முதல் தடவை சட்டி கிணுகிணுத்தபோது, கூட்ஸ் போகிறது என்று திரும்பிப் படுத்துவிட்டேன். ஆறாவது மாடியில் ஏது தண்டவாளம் என்று உறைத்ததும் பனியன், கைலியோடு படியிறங்கி ஓடினேன். கீழே ஒருவரும் இல்லை. குப்பைப் பையோடு நின்ற ஒரு பாட்டி மட்டும் எனக்குத் தலைகுனிந்து வணக்கம் வைத்தார்.

ஆகவே, ஜப்பானுக்குப் போகிறவர்களே, நிலநடுக்கம் வந்தால் ஓடாதீர்கள். மேஜைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேஜை இல்லையா, கண்ணாடி ஜன்னலையும் அலமாரியையும் விட்டு விலகி, தலையணையால் தலையை மூடி உட்காருங்கள். லிஃப்டில் இருந்தால் எல்லா மாடிக்கும் பட்டனை அமுக்கி, முதலில் நிற்கும் இடத்தில் இறங்கிவிடுங்கள்.

சாம்பார் கொதிக்கிறதே என்று அடுப்புக்குப் பாயவும் வேண்டாம். ஆட்டம் பலமாக இருந்தால் கேஸ் மீட்டர் தானே அடைத்துக்கொள்ளும். அடங்கியபின் கேஸ் வாசனை இல்லை என்று உறுதி செய்து, அடுப்பையெல்லாம் அணைத்து, மீட்டரில் உள்ள பட்டனை அமுக்கி 3 நிமிஷம் பொறுத்தால் கேஸ் திரும்ப வரும். இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க பிரெட் தின்றவன் நான்.

வீடு பார்க்கும்போது கட்டிய வருஷத்தைக் கேளுங்கள். 1981 ஜூனில் அங்கே கட்டட விதியைக் கடுமையாக்கினார்கள். அதற்குப் பிந்தைய கட்டடம் நல்லது. படுக்கைக்குப் பக்கத்தில் செருப்பு இருக்கட்டும், கண்ணாடி உடைந்தால் வேண்டும். ஊரிலிருந்து தூக்கிப்போன கிரைண்டரை ஃப்ரிட்ஜ் மேல் வைக்காதீர்கள். (வைத்திருந்தேன்.)

இவ்வளவும் அங்கே செய்வது. கிளம்புவதற்கு முன் மதுரையிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: அம்மாவைத் தயார் செய்வது. அங்கே ராத்திரி 1 மணி என்றால் நமக்கு 9.30, சரியாகச் செய்தி நேரம். 'ஜப்பானில் நிலநடுக்கம், ரிக்டரில் 6' என்று ஓடும். அது நிலத்துக்கடியில் வெளிப்பட்ட சக்தியின் கணக்கு. கடலுக்கடியில் தொலைவில் வந்திருந்தால் டோக்கியோவில் விளக்கு லேசாக ஆடுவதோடு சரி. நீங்கள் நிற்கும் இடத்தில் எவ்வளவு ஆடியது என்பதற்கு ஜப்பானியர்கள் ஷிந்தோ என்று தனி அளவு வைத்திருக்கிறார்கள். 0 முதல் 7 வரை. அம்மாவுக்கு நான் அதைச் சட்டிக் கணக்கில் சொன்னேன்: கிணுகிணுத்தால் 3, அலமாரியிலிருந்து விழ ஆரம்பித்தால் 5.

ஆட்டம் நின்றதும் போன் போடாதீர்கள், லைன் நெரிசலாக இருக்கும். குடும்ப வாட்ஸாப்பில் 'ஆடுச்சு, நல்லா இருக்கேன், 3' என்று ஒரு வரி போதும். அடுத்து இன்னும் ஆடலாம் என்பதால் செருப்பைப் போட்டுக்கொண்டே படுங்கள்.

நான் ஊர் திரும்பிவிட்டேன். இப்போது அங்கே இருப்பது தம்பி. போன மாசம் அவனிடமிருந்து அந்த ஒரு வரி வந்தது. அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வாய்ஸ் மெசேஜில் கேட்டது ஒன்றுதான்: "சட்டி ஏதும் விழுந்துச்சாடா?"