தொழிலுக்கு ஒரு மின்னஞ்சல், வீட்டுக்கு ஒன்று: பிரிப்பது எப்படி?

சிவகாசியில் சின்ன அச்சகம் நடத்தும் அண்ணாச்சி ஒருவருக்குப் போன வருடம் ஒருநாள் காலையில் ஜிமெயில் திறக்கவில்லை. காலண்டர் ஆர்டர் குவியும் நேரம். வாடிக்கையாளர் கடிதம், டிசைன் ஃபைல், ஜிஎஸ்டி ஓடிபி எல்லாம் அந்த ஒரே முகவரிக்குத்தான் வரும். சினிமா டிக்கெட்டும் ஆன்லைன் ஷாப்பிங்கும்கூட அதே முகவரி, அதே பாஸ்வேர்டு. எங்கிருந்தோ அது கசிந்துவிட்டது. கணக்கை மீட்ட பிறகு அவரோடு உட்கார்ந்து செய்த வேலையை அப்படியே எழுதுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

படி 1: நோட்டில் எழுதுங்கள்

இப்போதைய முகவரியை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள்? வங்கி, ஜிஎஸ்டி, வருமான வரி, உத்யம் (சிறுதொழில்) பதிவு, கூரியர், கூகுள் மேப்பில் கடைப் பக்கம். நினைவுக்கு வராதவற்றுக்கு இன்பாக்ஸில் 'ஓடிபி', 'வெல்கம்' என்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடினால் பாதி கிடைத்துவிடும். தொழில் சம்பந்தப்பட்டதற்கு எதிரே ஒரு டிக் போடுங்கள்.

படி 2: சொந்த டொமைனில் புது முகவரி

இன்னொரு ஜிமெயில் திறப்பதைவிட, கடைப் பெயரில் ஒரு டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் சொந்த இணையப் பெயர்) வாங்கி அதில் முகவரி வைப்பது நல்லது. ஸோஹோ மெயில், கூகுள் ஒர்க்ஸ்பேஸ் இரண்டுமே இதற்குச் சரிப்படும். டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், வெப்சைட் செய்து கொடுத்த தம்பியின் பெயரில் அல்ல.

டொமைன் வாங்கிய கணக்குக்கு மட்டும் அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த முகவரிக்கே கடிதம் வராது, மீட்கும் வழியும் அதோடு போய்விடும். இதற்கென்று தனியாக, வேறெங்கும் கொடுக்காத ஒரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள்.

மெயில் நிறுவனம் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று சில வரிகள் தரும். அவற்றை டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில் (டொமைனுக்கான அமைப்புகள் இருக்கும் பக்கம்) ஒட்ட வேண்டும். உங்கள் முகவரியைப் போட்டு வேறொருவன் அனுப்பும் போலிக் கடிதத்தை அடையாளம் காண வைப்பது இந்த வரிகள்தான். சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள்.

படி 3: பூட்டு

புது பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது). 'ரெகவரி இமெயில்' (கணக்கை மீட்க உதவும் முகவரி) கேட்கும் இடத்தில் கை தானாகப் பழைய சொந்த முகவரியை டைப் செய்யும். வேண்டாம். பழையதை உடைப்பவன் அந்த வழியாகப் புதியதற்குள்ளும் வந்துவிடுவான். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் படி 2-இல் சொன்ன தனி முகவரியைக் கொடுங்கள். பேக்கப் கோடுகளை (போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் எண்களை) அச்சடித்துப் பீரோவில் பூட்டி வையுங்கள்.

படி 4: பிரவுசரையும் பிரியுங்கள்

முகவரியைப் பிரித்தவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் இது. 2023-இல் ஓக்டா நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். மற்ற நிறுவனங்களின் லாகினைப் பாதுகாப்பதே அவர்கள் தொழில். அங்கே ஊழியர் ஒருவர் அலுவலக லேப்டாப்பில் உள்ள குரோமில் தன் சொந்த கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்தார். அலுவலகக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு அந்தச் சொந்தக் கணக்கில் சேமிப்பாகிவிட்டது. அது வெளியே போனது பெரும்பாலும் அந்தச் சொந்தக் கணக்கோ சொந்தக் கருவியோ ஹேக் ஆனதால்தான் என்று ஓக்டாவே சொன்னது. 134 வாடிக்கையாளர் நிறுவனங்களின் ஃபைல்கள் வெளியாள் கைக்குப் போயின.

உங்கள் கடைக் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். குரோமில் வலது மேல் மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டு, புது புரொஃபைல் (தனிக் கணக்கும் தனி பாஸ்வேர்டு பட்டியலும் கொண்ட பகுதி) ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு 'கடை' என்று பெயர், வேறு நிறம். தொழில் வேலை முழுக்க அந்த ஜன்னலில். அப்புறம் சொந்த புரொஃபைலின் பாஸ்வேர்டு பட்டியலைத் திறந்து, வங்கி, ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை அழியுங்கள். அழித்தவற்றை அந்தத் தளங்களிலும் மாற்றிவிடுங்கள்.

படி 5: இடம் மாற்றுதல்

டிக் போட்டவற்றை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், வங்கியில் தொடங்கி. ஜிஎஸ்டி தளத்தில் இது 'நான்-கோர்' (முக்கியமல்லாத விவரம்) திருத்தத்தில் வரும், அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். பழைய முகவரியை உடனே மூடாதீர்கள், ஆறு மாதமாவது பார்த்துக்கொண்டிருங்கள். அதில் நீங்கள் வைக்காத ஃபார்வர்டு விதி (வரும் கடிதத்தைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் அமைப்பு) ஏதாவது இருந்தால் நீக்குங்கள்.

வாடிக்கையாளருக்குப் புது முகவரியை போனில் சொல்லுங்கள், பில்லிலும் அச்சடியுங்கள். கூடவே ஒரு வரி சேருங்கள்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை. மாறியதாக மெயில் வந்தால், பணம் போடும் முன் எங்களுக்கு போன் செய்யுங்கள்." முகவரி மாறும் நேரம்தான் போலி ஆளுக்கு வசதியான நேரம். அப்படியும் யாராவது ஏமாந்து பணம் போட்டுவிட்டால், நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

படி 6: வேலையாட்கள்

ஆளுக்கொரு முகவரி. ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அதை அழிக்காமல், பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, வரும் கடிதங்களை உங்களுக்குத் திருப்பிவிடுங்கள். அண்ணாச்சி இதைச் சம்பளக் கணக்கு முடிக்கும் நோட்டிலேயே ஒரு வரியாக எழுதி வைத்துவிட்டார்.