இக்வானா கூண்டுக்குப் புற ஊதா விளக்கு: புதியவர்களுக்கான செய்முறை

பச்சை இக்வானா என்ற பெரிய பல்லியின் தொடை திரண்டிருப்பதைப் பார்த்து, நன்றாகச் சாப்பிட்டுத் தேறிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. தொடை இறுகியிருக்க, தாடை மட்டும் ரப்பர் போல வளைந்தால் அது சதை இல்லை, எலும்பு நோய். கால்சியம் போதாத உடல் அதை எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். பலமிழந்த எலும்பில் நார்த்திசு வளர்ந்து வீங்கும். வீட்டில் வளரும் இக்வானாக்களுக்கு இது வர முக்கியமான காரணங்களில் ஒன்று, சரியான புற ஊதாக் கதிர் முதுகில் படாததுதான்.

மத்திய, தென் அமெரிக்க மரங்களின் உச்சியில் வெயில் காயும் பிராணி இது. சூரிய ஒளியில் சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாப் பகுதியான யுவிபி கதிர், தோலில் வைட்டமின் டி3-க்கான முன்பொருளை உண்டாக்கும். உடற்சூடு அதை டி3 ஆக்கும். டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் உடலில் சேராது. இக்வானாவுக்கு உணவில் கொடுக்கும் டி3-ஐ மட்டும் நம்ப முடியாது.

படி 1: விளக்கு வாங்குவது

ரிஃப்ளெக்டர் வைத்த டி5 ஹெச்ஓ ட்யூப் (மெல்லிய, அதிக ஒளி தரும் ட்யூப் லைட்) வாங்குங்கள், யுவிபி 10 அல்லது 12 சதவீதம். சுருள் பல்புகளின் கதிர் சிறிய இடத்தில்தான் விழும். நீளமான இந்த உடலுக்குப் போதாது. அட்டையில் 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, யுவிபி அளவு தெளிவாக இருக்க வேண்டும். ஊதா நிறத்தில் எரியும் அலங்கார பல்பு உதவாது. கிருமி நீக்கும் யுவிசி விளக்கைக் கூண்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கண்ணும் தோலும் புண்ணாகிவிடும்.

படி 2: மாட்டும் உயரம்

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். தூரத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது. கிளையில் படுத்திருக்கும் இக்வானாவின் முதுகிலிருந்து அளக்க வேண்டும். இந்த வகை ட்யூபுக்குச் சுமார் 30 முதல் 45 செ.மீ. வையுங்கள், தயாரிப்பாளர் சொல்லும் தூரத்தையும் பாருங்கள். நடுவில் கம்பிவலை இருந்தால் கதிரில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையலாம். கண்ணாடி யுவிபி-யை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும்; மூடிய ஜன்னல் வழியாக வரும் வெயிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விளக்கு தலைக்கு மேலே இருக்கட்டும், பக்கவாட்டில் வைத்தால் கண்ணில் அடிக்கும். புற ஊதாவின் வலிமையை அளக்கும் யுவி இன்டெக்ஸ் மீட்டர் இரவல் கிடைத்தால் முதுகு மட்டத்தில் 3-ஐ ஒட்டி வருகிறதா பாருங்கள். என்னைக் கேட்டால், கூண்டு அலங்காரத்துக்குச் செலவழிப்பதைவிட இந்த மீட்டருக்குச் செலவழிப்பது மேல்.

படி 3: சூடும் நிழலும்

அதே கிளைக்கு மேல் ஒரு வெப்ப பல்பு. கிளையின் மேற்பரப்பு 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். முழு உடலும் நீட்டிப் படுக்கும் அளவுக்குக் கிளை தடிமனாக வேண்டும். எதிர்ப்பக்கம் இலை மறைவும் குளிர்ச்சியும் கட்டாயம். வேண்டும்போது வெயிலுக்கு வந்து, போதும் என்றால் நிழலுக்குப் போக அதற்கு வழி இருக்க வேண்டும்.

படி 4: டைமர்

பகலில் 12 மணி நேரம். இரவில் முழு இருட்டு. சிவப்பு பல்பும் வேண்டாம். உச்சந்தலையில் உள்ள 'மூன்றாவது கண்' ஒளியையும் இருளையும் உணரும்.

படி 5: தினமும் கவனிப்பது

நம் கண்ணுக்குத் தெரியாத யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதா ஒளி இக்வானாவுக்குத் தெரியும். இலை, சக இக்வானா எல்லாவற்றின் நிறத்தையும் அது அந்த ஒளியோடு சேர்த்தே பார்க்கிறது. காலையில் கிளையேறி உடலைத் தட்டையாக்கிக் காய்ந்து, பிறகு இறங்கிச் சாப்பிட்டால் அமைப்பு சரி. நாள் முழுக்க விளக்கடியிலேயே கிடந்தால் கூண்டு குளிர்கிறது. விளக்கை விட்டு ஒதுங்கினாலோ, கண் மூடியே இருந்தாலோ, இமை வீங்கினாலோ விளக்கை அணைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தூரத்தைக் கூட்டாமல் மறுபடி போடாதீர்கள்.

ட்யூப் எரிந்துகொண்டே இருக்கும், யுவிபி மட்டும் குறைந்துபோகும். மாட்டிய தேதியை ட்யூப் ஓரத்தில் எழுதி வையுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள்.

விரல் துடிப்பு, வயிற்றைத் தூக்கி நடக்க முடியாமை, மென்மையான தாடை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே போங்கள். நீங்களாக டி3 சொட்டு ஊற்றாதீர்கள். அளவு மீறினால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களிலும் கால்சியம் படிந்துவிடும்.